முதலில் எந்தப் படுக்கைக்குப் போவது: தென்னாப்பிரிக்காவில் செவிலியப் பயிற்சி தொடங்குவோருக்கு

காலை ஏழு மணிக்கு இரவுப் பணியாளர்கள் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுக் கிளம்புகிறார்கள். உங்கள் பங்குக்கு நான்கு படுக்கைகள் வருகின்றன. முதல் படுக்கையில், குடலிறக்க அறுவை முடிந்து இரண்டாம் நாளான ஒருவர் வலி தாங்கவில்லை என்று குரல் கொடுத்துக்கொண்டிருக்கிறார். இரண்டாவதில் ஒரு நீரிழிவு நோயாளி. அவருக்கு இன்சுலின் போட்டு அரை மணி நேரம் ஆகிவிட்டது, காலை உணவு வண்டி இன்னும் வரவில்லை. மூன்றாவதில், நேற்றெல்லாம் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த எண்பது வயது மூதாட்டி; “இரவு நன்றாகத் தூங்கினார், இன்னும் தூங்குகிறார்” என்ற ஒற்றை வரியோடு அவரை ஒப்படைத்திருக்கிறார்கள். நான்காமவர் இன்று வீடு திரும்புகிறவர். புண்ணுக்குக் கட்டு மாற்றிவிட்டால் போதும். முதலில் யாரிடம் போவீர்கள்?

டர்பனில் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் பல ஆண்டுகளாக இந்தக் கேள்வியைக் கேட்டு வருகிறேன். பெரும்பாலோர் குரல் கொடுப்பவரிடம் போகிறார்கள், சிலர் நீரிழிவு நோயாளியிடம் போகிறார்கள். நான் மூன்றாம் படுக்கைக்குப் போவேன். போகிற வழியிலேயே உடன் பணிபுரிபவரிடம், “இரண்டாம் படுக்கைக்காரருக்கு விரலில் குத்திச் சர்க்கரை அளவைப் பார்த்து, உடனே ஏதாவது சாப்பிடக் கொடுங்கள்” என்று சொல்லிவிட்டுப் போவேன். நேற்றுவரை பேசிய ஒருவர் இன்று பேசவில்லை என்றால் அவருக்குள் ஏதோ மாறியிருக்கிறது. தூக்கமாக இருந்தால் தொட்டு எழுப்பினால் விழிப்பார். விழிக்காவிட்டால் கிருமித்தொற்றோ, பக்கவாதமோ, ஆக்சிஜன் குறைவோ, சர்க்கரைக் குறைவோ, இரவில் கொடுத்த தூக்க மருந்தோ எதுவும் காரணமாக இருக்கலாம். முதியவர்களுக்கு வரும் மனக்குழப்பம் எப்போதும் கூச்சலாக வெளிப்படுவதில்லை. அமைதியாகச் சுருண்டு படுத்திருக்கும் வகையும் உண்டு; தொந்தரவு இல்லாத நோயாளி என்று எல்லோரும் கடந்து போய்விடுவதால் அந்த வகைதான் அதிகமாகத் தவறவிடப்படுகிறது.

இந்தக் கட்டுரை முழுவதும் நான் திரும்பத் திரும்பச் சொல்லப் போவது இதைத்தான்: நோயாளியிடம் நேற்று இல்லாதது இன்று என்ன இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் மருத்துவ அறிவெல்லாம் அந்த மாற்றத்தைக் கண்டுபிடிக்கவும், அதை உரியவரிடம் நேரத்தோடு கொண்டுசேர்க்கவும்தான் முதலில் பயன்படும்.

உங்கள் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்நாட்டில் செவிலியர் பணி 2005ஆம் ஆண்டின் 33ஆம் எண் செவிலியர் சட்டத்தின்கீழ் வருகிறது. தென்னாப்பிரிக்கச் செவிலியர் மன்றத்தில் பயிற்சி மாணவராகப் பதிவு செய்த பிறகுதான் நீங்கள் நோயாளியைத் தொட முடியும். பயிற்சி முடித்த பின் ஆண்டுதோறும் பணிச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். உங்கள் அம்மாவோ அத்தையோ படித்திருக்கக்கூடிய பழைய இரண்டாண்டுப் படிப்பு இப்போது இல்லை. அதன் இடத்தில் ஓராண்டு உதவிச் செவிலியர் உயர் சான்றிதழ், மூன்றாண்டு பொதுச் செவிலியர் டிப்ளமா, நான்காண்டுப் பட்டம் என்று மூன்று வாசல்கள் உள்ளன. எந்த வாசலில் நுழைந்தீர்களோ அதற்கேற்ப நீங்கள் தனியாகச் செய்யக்கூடியதும், மேற்பார்வையில் செய்யக்கூடியதும், தொடவே கூடாததும் மாறும்.

சேர்ந்த முதல் வாரத்திலேயே, வார்டுக்குப் பொறுப்பான மூத்த செவிலியரான உங்கள் வார்டு சிஸ்டரிடம் இதைக் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நெருக்கடியில் யாராவது, “நீயே போட்டுவிடு, நான் பிறகு கையெழுத்துப் போடுகிறேன்” என்று சொல்வார்கள். உங்கள் எல்லைக்குள் இல்லாத ஒன்றை அப்படிச் செய்து ஏதேனும் நேர்ந்துவிட்டால் சொன்னவர் மட்டும் பதில் சொன்னால் போதாது, செய்த நீங்களும் பதில் சொல்லியாக வேண்டும். “எனக்கு இதற்கு அனுமதி இல்லை சிஸ்டர், ஆனால் பக்கத்தில் நின்று உதவுகிறேன்” என்ற வாக்கியத்தை வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு மறுத்துப் பேசக் கூடாது என்று வளர்க்கப்பட்ட நம் பிள்ளைகளுக்கு இது எளிதில் வருவதில்லை.

மூச்சை எண்ணுங்கள்

நாடி, இரத்த அழுத்தம், வெப்பநிலை, ஆக்சிஜன் அளவு எல்லாவற்றுக்கும் கருவி உண்டு. மூச்சை எண்ணுவதற்கு மட்டும் கண்ணும் கடிகாரமும்தான். அதனால்தான் அதை யாரும் எண்ணுவதில்லை. எந்த வார்டின் அட்டையை எடுத்துப் பார்த்தாலும் வரிசையாக 18, 20, 18, 20 என்று இருக்கும். உடல்நிலை சரியத் தொடங்கும்போது மற்ற எண்களுக்கு முன்பாகப் பெரும்பாலும் மாறுவது இந்த எண்தான்.

நான் பயிற்சியில் இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் வார்டில் நுரையீரல் சளிக்காய்ச்சலோடு (நிமோனியா) ஒரு ஆயா இருந்தார். இங்கே நாம் பாட்டியை ஆயா என்றுதானே அழைக்கிறோம். பிற்பகல் இரண்டு மணிச் சுற்றில் நாடி 104, மேல் அழுத்தம் 108, வெப்பநிலை 37.9 என்று கருவிகள் காட்டியதை எழுதினேன். மூச்சுக்குரிய கட்டத்தில், முந்தைய சுற்றில் எழுதியிருந்த 20ஐப் பார்த்து நானும் 20 என்று எழுதிவிட்டு நகர்ந்தேன். நான்கு மணிக்கு அவருக்குத் தண்ணீர் கொடுக்கப் போனேன். ஆயா கட்டில் கம்பியை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண்ணாடி வளையல்கள் கம்பியில் பட்டு ஒவ்வொரு மூச்சுக்கும் மெல்லக் கிணுகிணுத்தன. “என்னம்மா… தண்ணி… வேணாம்” என்று மூன்று சொற்களுக்கு மூன்று முறை மூச்சு வாங்கினார். கழுத்தெலும்புக்கு மேலே உள்ள குழி உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. நின்று முழு நிமிடம் எண்ணினேன்: 32. சிஸ்டரை அழைத்தேன், மருத்துவர் வந்தார், ஆக்சிஜனும் சிகிச்சையும் மாற்றப்பட்டன, ஆயா பிழைத்தார். ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தை நான்தான் அவரிடமிருந்து பறித்தேன். அதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

எண்ணும் முறை இது. நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பதுபோல் வைத்துக்கொண்டே மார்பின் ஏற்ற இறக்கத்தை முழு 60 நொடிகள் எண்ணுங்கள். மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் அவர் தம்மை அறியாமலே மூச்சை மாற்றிக்கொள்வார். போர்வை மூடியிருந்தால் விலக்குங்கள். எண்ணும்போதே, ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா, மூக்குத்துளைகள் விரிகின்றனவா, விலா எலும்புகளுக்கு இடையே தசை உள்ளிழுக்கிறதா என்று பாருங்கள். ஆக்சிஜன் அளவு காட்டும் விரல்கிளிப்பை அதிகம் நம்பாதீர்கள். தோலின் நிறம் கருமையாக இருப்பவர்களுக்கு அது உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பது தெரிந்த குறைபாடு. நம் வார்டுகளில் பெரும்பாலான நோயாளிகள் கருமையான தோல் உடையவர்களே. உதட்டின் உட்புறத்தையும் நாக்கையும் பார்த்து நீலம் பாய்ந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

எண்ணோடு அடையாளத்தையும் சேருங்கள்

அவசரப் பிரிவில் பயிற்சிக்குப் போகும்போது தென்னாப்பிரிக்கத் தரம்பிரிப்பு அளவுகோலைச் சந்திப்பீர்கள். வரும் ஒவ்வொருவரையும் வண்ணத்தால் பிரிப்பது இதன் வேலை. சிவப்பு என்றால் உடனடியாகப் பார்க்க வேண்டும். ஆரஞ்சு 10 நிமிடத்துக்குள்ளும், மஞ்சள் ஒரு மணி நேரத்துக்குள்ளும், பச்சை நான்கு மணி நேரத்துக்குள்ளும் பார்க்கப்பட வேண்டியவர்கள். வண்ணத்தை முடிவு செய்ய இரண்டு வழிகள் ஒன்றாகச் செயல்படுகின்றன. ஒன்று, டியூஸ் (TEWS) என்று எல்லோரும் சொல்லும், உடல்நிலை சரிவதை முன்கூட்டியே எச்சரிக்கும் மதிப்பெண். நடமாட்டம், மூச்சு, நாடி, மேல் இரத்த அழுத்தம், வெப்பநிலை, உணர்வுநிலை, காயம் ஆகிய ஏழையும் பார்த்து மதிப்பெண் இடுகிறோம். கூட்டுத்தொகை 7 அல்லது அதற்கு மேல் சிவப்பு, 5 அல்லது 6 ஆரஞ்சு, 3 அல்லது 4 மஞ்சள், 2 வரை பச்சை. பெரியவர்களுக்கு மூச்சு 9 முதல் 14 வரை இருந்தால் மதிப்பெண் இல்லை. 15 முதல் 20 வரை 1, 21 முதல் 29 வரை 2, அதற்கு மேல் 3. நாடி 51 முதல் 100 வரை மதிப்பெண் இல்லை. 101 முதல் 110 வரை 1, 111 முதல் 129 வரை 2, அதற்கு மேல் 3.

நான் சொன்ன ஆயாவின் எண்களைப் பின்னாளில் இந்தக் கணக்கில் இட்டுப் பார்த்தேன். பிடித்தால்தான் நடப்பார் என்பதற்கு 1, நாடி 104க்கு 1. அழுத்தமும் வெப்பமும் உணர்வுநிலையும் எதையும் சேர்க்கவில்லை. நான் பார்க்காமல் எழுதிய 20க்கு 1 சேர்த்தால் மொத்தம் 3, மஞ்சள். உண்மையான 32க்கு 3 சேர்த்தால் மொத்தம் 5, ஆரஞ்சு. ஒரு கட்டத்தில் சோம்பலாக எழுதிய ஓர் எண், பத்து நிமிடத்தில் பார்க்க வேண்டியவரை ஒரு மணி நேரம் காத்திருக்க வைத்துவிடும்.

இரண்டாவது வழி, மதிப்பெண் என்ன சொன்னாலும் வண்ணத்தை உயர்த்திவிடும் அடையாளங்களின் பட்டியல். இதை மனப்பாடமாகவே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஐம்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியிலிருந்து தாமாகவே நடந்து வருகிறார். “ஒன்றுமில்லை, வாயுப் பிடிப்பு, இரவு சாப்பிட்ட பிரியாணி ஒத்துக்கொள்ளவில்லை” என்று மார்பின் நடுவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சொல்கிறார். மூச்சு 18, நாடி 96, மேல் அழுத்தம் 148, காய்ச்சல் இல்லை, தெளிவாகப் பேசுகிறார். மதிப்பெண் வெறும் 1, பச்சை. ஆனால் மார்பு வலி என்பது அந்தப் பட்டியலில் ஆரஞ்சுக்கு உரிய அடையாளம். அவரை வரிசையில் உட்கார வைக்காமல், பத்து நிமிடத்துக்குள் இதய மின்பதிவு (இசிஜி) எடுக்கப்படும்படி உள்ளே அனுப்ப வேண்டும். இந்நாட்டில் இந்திய வம்சாவளியினரிடம் நீரிழிவும் மாரடைப்பும் மிகுதி. நீரிழிவு நெடுநாள் இருப்பவருக்கும், பெண்களுக்கும், முதியவர்களுக்கும் மாரடைப்பு வலியே இல்லாமல் வெறும் மூச்சு வாங்கலாகவோ, வியர்வையாகவோ, குமட்டலாகவோ வரலாம். நம் மூத்தவர்கள் ‘வாயு’ என்று சொல்லும்போது அந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டு விட்டுவிடாதீர்கள். “எங்கே, எப்போதிலிருந்து, கைக்கோ தாடைக்கோ பரவுகிறதா, நடந்தால் கூடுகிறதா, வியர்க்கிறதா” என்று கேளுங்கள்.

வார்டில் உள்ள அட்டை இதே அளவுகோலாக இல்லாமல் இருக்கலாம். உங்கள் மருத்துவமனையில் எந்த அட்டை நடைமுறையில் இருக்கிறதோ அதையே பின்பற்றுங்கள். எதுவாயினும் கடைசி எண்ணை மட்டும் பார்க்காமல், முந்தைய நான்கைந்து எண்களோடு சேர்த்து வரிசையாகப் படியுங்கள். நாடி 84, 92, 100, 108 என்று ஏறுவது, ஒருமுறை மட்டும் 112 வந்து இறங்குவதைவிடக் கவலைக்குரியது.

விரத நாட்களும் சர்க்கரையும்

தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் விரதம் இருப்பவர்களையும், ஆடி மாதத்தில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாட்களில் ஒருவேளை மட்டும் உண்பவர்களையும் நம் பகுதிச் சிகிச்சையகங்களில் நிறையப் பார்க்கிறோம். அவர்களில் பலர் நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள். சாப்பாட்டைக் குறைத்துவிட்டு மருந்தை அப்படியே தொடர்வார்கள். “மருந்தை நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொன்னாரே” என்பார்கள். விரதத்தை விடச் சொல்லி அவர்களோடு வழக்காட வேண்டாம், நம்பிக்கை அவர்களுடையது. விரதம் தொடங்குவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லி அளவை மாற்றிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்வதுதான் நம் வேலை.

சர்க்கரை குறையும்போது கை நடுக்கம், குளிர் வியர்வை, பசி, படபடப்பு ஆகியவை முதலில் வரும். பிறகு குழப்பம், சம்பந்தமில்லாத பேச்சு, எரிச்சல், மயக்கம், வலிப்பு. இரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால் போன்ற மருந்து எடுப்பவருக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் போகலாம், வியர்வை மட்டும் காட்டிக்கொடுக்கும். சந்தேகம் வந்த உடனே விரலில் குத்திப் பாருங்கள். நீரிழிவு உள்ளவருக்கு அளவு லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் செயல்பட வேண்டும்; 3க்குக் கீழே இருந்தால் அவசரப் பிரிவில் அது நேராகச் சிவப்பு.

தெளிவாக இருந்து விழுங்க முடிகிறவருக்கு, மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்தோ, அரைக் குவளை இனிப்புப் பழச்சாறோ கொடுங்கள். டயட் பானத்தில் சர்க்கரை இல்லை, அது உதவாது. 15 நிமிடம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள்; ஏறவில்லை என்றால் மீண்டும் கொடுங்கள். ஏறிய பிறகு ரொட்டி, சோறு போன்ற உணவு கட்டாயம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் திரும்ப விழுந்துவிடும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், அது நுரையீரலுக்குப் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து உரக்க உதவி கேளுங்கள்; நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றுவதைச் சிஸ்டரும் மருத்துவரும் பார்த்துக்கொள்வார்கள். கிளிபென்கிளமைடு, கிளிமெபிரைடு போன்ற நீரிழிவு மாத்திரைகள் எடுத்தவரைச் சர்க்கரை ஏறியதும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அந்த மருந்து உடலில் நெடுநேரம் வேலை செய்வதால் அளவு மீண்டும் குறையும்.

பக்கவாதம் என்று அழைத்துவரப்பட்ட ஒருவருக்குச் சர்க்கரைக் குறைவு மட்டுமே இருந்ததையும் பார்த்திருக்கிறேன். வாய் கோணலோ, ஒரு பக்கம் பலவீனமோ, பேச்சுக் குழறலோ எதுவாக இருந்தாலும் மற்ற ஏற்பாடுகள் நடந்துகொண்டிருக்கும்போதே விரலில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

மருந்து வண்டியோடு போகும்போது

சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம், கொடுத்தபின் சரியான பதிவு என்பதை எல்லாப் பாடநூல்களும் சொல்லும். டர்பன் வார்டில் இவற்றில் முதலாவதுதான் மிகவும் கடினம். ஒரே அறையில் கோவெண்டர் என்ற குடும்பப்பெயரில் மூன்று பேர், நாய்டு என்று இரண்டு பேர், பிள்ளை என்று இரண்டு பேர் படுத்திருப்பார்கள். “திருமதி பிள்ளை தானே?” என்று கேட்டால் காது சரியாகக் கேட்காத வேறொரு முதியவர் தலையாட்டிவிடுவார். “உங்கள் முழுப் பெயரும் பிறந்த தேதியும் சொல்லுங்கள்” என்று கேட்டு, கையில் கட்டியுள்ள பட்டையோடும் மருந்து அட்டையோடும் ஒப்பிடுங்கள். படுக்கை எண்ணை நம்பவே நம்பாதீர்கள். இரவில் படுக்கைகள் மாறும்.

கணக்கைத் தாளில் எழுதிப் போடுங்கள். 12 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் பாராசிட்டமால் எழுதப்பட்டிருக்கிறது. 12 பெருக்கல் 15 என்றால் 180 மில்லிகிராம். புட்டியில் 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம் உள்ளது. 180ஐ 120ஆல் வகுத்தால் 1.5, அதை 5ஆல் பெருக்கினால் 7.5 மில்லிலிட்டர். விடை வந்ததும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: 120க்கு 5 என்றால் 180க்கு அதைவிடச் சற்றுக் கூடத்தானே வர வேண்டும்? 75 என்றோ 0.75 என்றோ வந்திருந்தால் புள்ளி இடம் மாறிவிட்டது.

இன்சுலினை இன்சுலின் ஊசியில் மட்டுமே எடுக்க வேண்டும், ‘யூனிட்’ என்ற சொல்லை முழுதாக எழுத வேண்டும். அதன் முதல் எழுத்தை மட்டும் ஆங்கிலத்தில் கிறுக்கினால் அது சுழியாகப் படிக்கப்பட்டு 6 யூனிட் 60 ஆகிவிடும். கடும் வலிக்கான மார்ஃபின் கொடுப்பதற்கு முன் மூச்சை எண்ணுங்கள். 10க்குக் கீழே இருந்தாலோ எழுப்பக் கடினமாக இருந்தாலோ கொடுக்காமல் சிஸ்டரிடம் சொல்லுங்கள். இதய மருந்தான டிஜாக்ஸினுக்கு முன் இதயத்தின் மேலேயே ஸ்டெதஸ்கோப் வைத்து முழு நிமிடம் துடிப்பை எண்ணி, 60க்குக் கீழே இருந்தால் அதே போல் நிறுத்திச் சொல்லுங்கள். செறிவான பொட்டாசியம் குளோரைடை நேராக நரம்பில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். அந்தப் புட்டியைக் கையில் எடுக்கச் சொன்னால்கூட ஏன் என்று கேளுங்கள். இரத்தம் ஏற்றும்போது முதல் 15 நிமிடம் நோயாளியின் பக்கத்திலேயே இருங்கள். நடுக்கம், முதுகுவலி, அரிப்பு, மூச்சு வாங்கல் எதுவும் தோன்றினால் முதலில் இரத்தத்தை நிறுத்துங்கள், பிறகு அழையுங்கள்.

நோயாளியே “இந்த மாத்திரை நேற்று வேறு நிறத்தில் இருந்ததே” என்று சொன்னால் கொடுக்காமல் நின்று சரிபாருங்கள். அவர் ஒவ்வொரு நாளும் அந்த மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிறவர்.

மேலே கொண்டுசேர்த்தல்

மாற்றத்தைக் கண்டுவிட்டீர்கள். இப்போது சிஸ்டர் வேறொரு நோயாளியோடு இருக்கிறார், மருத்துவர் தொலைபேசியில் இருக்கிறார். “சிஸ்டர், ஆயாவுக்கு ஒரு மாதிரி இருக்கிறது” என்றால் “இதோ வருகிறேன்” என்ற பதில்தான் வரும். நிலை, பின்னணி, உங்கள் கணிப்பு, உங்கள் வேண்டுகோள் என்ற வரிசையில் அரை நிமிடத்தில் சொல்லப் பழகுங்கள். இப்படி: “சிஸ்டர், ஆறாம் படுக்கை ஆயாவுக்கு மூச்சு 32, காலையில் 20 என்று எழுதியிருக்கிறது. சளிக்காய்ச்சலுக்கு இரண்டு நாள் முன்பு சேர்க்கப்பட்டவர். முழு வாக்கியம் பேச முடியவில்லை, ஆக்சிஜன் அளவு 88. மோசமாகிக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். நிமிர்த்தி உட்கார வைத்திருக்கிறேன். நீங்கள் இப்போதே வந்து பார்க்க வேண்டும்.” கடைசி வாக்கியத்தை விழுங்கிவிடாதீர்கள். ஐந்து நிமிடத்தில் யாரும் வராவிட்டால் மறுபடி போங்கள்; அப்போதும் வராவிட்டால் அடுத்த மேலதிகாரியிடம் போங்கள். நோயாளி உணர்வின்றி, மூச்சும் விடாமல் இருந்தால் இந்த வரிசையெல்லாம் வேண்டாம், அவசர மணியை அடித்துவிட்டு மார்பை அழுத்தத் தொடங்குங்கள்.

மொழி இங்கே பெரிய பங்கு வகிக்கிறது. நம் நோயாளிகளில் பெரும்பாலோர் ஜூலு பேசுபவர்கள். “ஸவுபோனா கோகோ” என்று பாட்டிக்கு வணக்கம் சொல்லிவிட்டு, “குபுஹ்லுங்கு குபி?” என்று எங்கே வலிக்கிறது என்பதைக் கேட்கத் தெரிந்துகொள்ளுங்கள், அவர் விரலால் காட்டுவார். மரியாதைக்காக எதற்கும் “யேபோ” என்று ஆமோதிக்கும் மூத்தவர்கள் உண்டு. ஆகவே ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்ல முடியாதபடி கேள்வியை அமைக்க வேண்டும். “மாத்திரை சாப்பிட்டீர்களா” என்பதைவிட “இன்று காலை எத்தனை மாத்திரை சாப்பிட்டீர்கள்” என்பது மேல். மொழிபெயர்க்கக் குழந்தைகளை அழைக்காதீர்கள். அம்மாவின் நோயைத் தன் வாயால் சொல்லும் பாரம் ஒரு பிள்ளைக்கு வேண்டாம்.

நம்மிடம் தமிழ் இருப்பதும் ஒரு கருவிதான். வாழ்நாள் முழுவதும் ஆங்கிலம் பேசிய முதியவர்கள் மறதிநோய் வந்த பிறகு சிறுவயதுத் தமிழுக்குத் திரும்பிவிடுவதுண்டு. “உளறுகிறார்” என்று அட்டையில் எழுதப்பட்டிருந்த ஒரு தாத்தா, “ஒண்ணுக்குப் போகணும்” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். பெட்பேன் கொண்டுவந்து கொடுத்ததும் உளறல் நின்றது.

உங்களையும் காத்துக்கொள்ளுங்கள்

காசநோய் மிகுதியாக உள்ள நாடு இது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், எடை குறைவு, இரவு வியர்வை என்று ஒருவர் சொன்னால் அவருக்குச் சாதாரண முகக்கவசம் கொடுத்து, சன்னலைத் திறந்துவிட்டு, நீங்கள் என்95 கவசம் அணிந்துகொள்ளுங்கள். அது முகத்தோடு ஒட்டி உட்கார வேண்டும். ஓரத்தில் காற்று கசிந்தால் அதனால் பயனில்லை. பயன்படுத்திய ஊசிக்கு மூடியைத் திரும்ப மாட்டாதீர்கள். ஊசி குத்திவிட்டால் பிழிந்து இரத்தம் எடுக்க வேண்டாம். சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவிவிட்டு அந்தக் கணமே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். எச்ஐவி தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், 28 நாள் தொடர வேண்டும். திட்டு விழுமோ என்று பயந்து வேலை முடியும்வரை மறைத்துவைத்த பிள்ளைகளை நான் அறிவேன். அந்தப் பயத்துக்கு இடம் கொடுக்காதீர்கள்.

மீதமுள்ள இருவர்

மூன்றாம் படுக்கை மூதாட்டியை எழுப்பி, மூச்சும் சர்க்கரையும் பார்த்து, சிஸ்டரை அழைத்தாகிவிட்டது. இரண்டாம் படுக்கைக்காரர் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். இப்போது குரல் கொடுத்தவரிடம் போங்கள். வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். வலியால் இருமாமலும் ஆழமாக மூச்சு விடாமலும் படுத்திருப்பவருக்கு நுரையீரலில் சளி தேங்கும். பூச்சியத்திலிருந்து பத்துவரை எவ்வளவு என்று கேளுங்கள், நேற்றைக்கு எவ்வளவு என்றும் கேளுங்கள். கட்டை விலக்கிப் பாருங்கள். வயிறு இறுகியிருக்கிறதா, சிறுநீர் கடைசியாக எப்போது போனார் என்று கேளுங்கள். அறுவைக்குப் பின் சிறுநீர் தேங்கி வயிறு உப்பி வலிப்பதை வலி மருந்தால் தீர்க்க முடியாது. கடைசியாக எப்போது வலி மருந்து கொடுக்கப்பட்டது என்று அட்டையில் பார்த்துச் சிஸ்டரிடம் சொல்லுங்கள். கொடுத்து அரை மணி நேரத்தில் திரும்பி வந்து எவ்வளவு குறைந்தது என்று கேட்டு, நேரத்தோடு எழுதுங்கள். “வலி மருந்து கொடுக்கப்பட்டது” என்பதோடு நின்றுவிடாமல், “8.10க்கு வலி 8, 8.40க்கு வலி 3, திரும்பிப் படுக்க முடிகிறது” என்று எழுதினால் அடுத்து வருபவருக்கு ஒரு கதை கிடைக்கும்.

வீடு திரும்புகிறவருக்குப் பத்து மணிக்குக் கட்டு மாற்றலாம். கட்டு மாற்றும்போதே புண் சிவந்தாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ எங்கே வர வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து, சொன்னதை அவர் வாயாலேயே திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். ஆம்புலன்சுக்கு 10177 என்ற எண்ணை அவருடைய அட்டையின் பின்புறம் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். கூட வந்திருக்கும் மனைவியிடமும் காட்டுங்கள்.